தாத்தாவின் துப்பாக்கியும் புலிவரி மரமும்

கொஞ்சம் நீளமான பதிவு. காப்பி போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க. சரித்திரம் பாதி, என் வண்டவாளம் பாதி.

2011இல் ஆபீஸ் ஆணி பிடுங்குவதற்காக என்னை பென்சில்வேனியாவுக்கு அனுப்பியிருந்தார்கள். வார இறுதியில் சமைக்கவும் தெரியாது, கார் ஓட்டவும் தெரியாது. கூட வேலை பார்த்த தெலுங்கு நண்பர் லான்காஸ்டர் பக்கம் ஒரு அருங்காட்சியகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். பழைய கலப்பை, நெசவுத்தறி, குதிரைவண்டி என்று பார்த்துக்கொண்டே வந்தவன் ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுவிட்டேன். உள்ளே ஒரு நீளத் துப்பாக்கி. ஆள் உயரம் இருக்கும். நான் பார்த்தது இரும்பை இல்லை, கட்டையை. தேனும் ரத்தமும் கலந்த மாதிரி ஒரு நிறம். அதுக்குள்ளே குறுக்கே குறுக்கே வரி வரியாகக் கருப்புக் கோடுகள். தலையை இந்தப் பக்கம் சாய்த்தால் கருப்பாக இருந்த வரி வெளுக்கிறது, வெளுத்த வரி கருக்கிறது. புலி படுத்திருக்கிற மாதிரியே இருந்தது.

"என்னய்யா பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றார் நண்பர். எனக்கு வரிகள்கூட முக்கியமாப் படவில்லை. அந்த நிறம் இருக்கே, அதை நான் முன்னாடியே பார்த்திருக்கேன். அச்சரப்பாக்கத்தில், எங்க தாத்தா வீட்டு ரேழியில், சுவரில் அடித்த இரண்டு மர முளைகளின் மேல். அதை அழித்தவனும் நானே.

அதுக்கு அப்புறம் வருகிறேன். முதல்ல சரித்திரம்.

அச்சரப்பாக்கம் என்றால் நிறைய பேருக்கு ஜிஎஸ்டி ரோட்டில் மதுராந்தகம் தாண்டி கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும் ஊர். ஊர்ப் பெயரிலேயே ஒரு மரவேலைக் கதை இருக்கிறது. திரிபுரத்தை எரிக்கக் கிளம்பிய சிவனின் தேர் இங்கே வந்ததும் அச்சு முறிந்துவிட்டதாம். பிள்ளையாரைக் கும்பிடாமல் கிளம்பியதால் வந்த வினை. அச்சு இற்ற இடம், அச்சிறுபாக்கம். ஆட்சீஸ்வரர் கோயில் அதுதான், சம்பந்தர் பதிகம் பெற்ற தலம். உலகத்தையே எரிக்கப் போன வண்டி ஒரு கட்டை சரியில்லாமல் நின்றுபோன ஊர் எங்களுடையது என்று தாத்தா பெருமையாகச் சொல்வார். இரும்பு எவ்வளவு நல்லதா இருந்தாலும் கட்டை சரியா இருக்கணும்டா என்பார். துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே சொல்வார்.

எங்க ஊரைச் சுற்றி துப்பாக்கி வெடித்த சரித்திரம் கொஞ்சநஞ்சமில்லை. மேற்கே வந்தவாசி. 1760 ஜனவரி 22ஆம் தேதி அங்கேதான் ஐர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தார். இந்தியா பிரெஞ்சுக்காரனுக்கு இல்லை என்று கிட்டத்தட்ட அன்றைக்கே முடிவாகிவிட்டது. இருபது வருஷம் கழித்து 1780 ஜூலையில் ஹைதர் அலி கணவாய் இறங்கி கர்நாடகத்துக்குள் வந்தார். செப்டம்பர் 10ஆம் தேதி காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியதை ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இன்றைக்கும் ஓவியமாகப் பார்க்கலாம். வந்தவாசிக் கோட்டையில் ஃபிளின்ட் என்று ஒரு லெப்டினன்ட் கொஞ்சம் ஆட்களை வைத்துக்கொண்டு, கோட்டைக்குள்ளேயே வெடிமருந்து அரைத்துக்கொண்டு மாசக்கணக்கில் தாக்குப் பிடித்தார். 1781 ஜனவரியில் வயசான ஐர் கூட் மறுபடி மதராஸிலிருந்து கிளம்பி வந்து கருங்குழிக் கோட்டையைப் பிடித்துவிட்டு வந்தவாசியை மீட்கப் போனார். கருங்குழி எங்க ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். கோட்டை இருந்த ஊர் என்று சொன்னால் இன்றைக்கு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் நம்ப மாட்டார்.

பென்சில்வேனியாவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கு. அதே வருஷங்களில் அமெரிக்காக்காரர்களும் அதே ஆங்கிலேயனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பென்சில்வேனியா மாகாணம் தன் வியாபாரக் கப்பல்களைக் காக்க ஒரு கப்பலுக்கு பீரங்கி பூட்டி அனுப்பியது. 1782 ஏப்ரல் 8ஆம் தேதி டெலவேர் விரிகுடாவில் அந்தக் கப்பல் தன்னைவிடப் பெரிய ஜெனரல் மங்க் என்ற ஆங்கிலேயக் கப்பலை மடக்கிப் பிடித்தது. தளபதி பெயர் ஜோஷுவா பார்னி. கப்பலின் பெயர்... ஹைதர் அலி! நிஜமாத்தான் :-) எங்க ஜில்லாவில் ஊர் ஊராக எரித்துக்கொண்டு போன மனுஷர், உலகத்தின் அந்தக் கோடியில் ஒரு கப்பலின் மூக்கில் வீரப் பெயராக உட்கார்ந்திருக்கிறார். யாருக்கு யார் நாயகன் என்பது நிற்கிற இடத்தைப் பொறுத்தது. அந்த வருஷம் டிசம்பரில் ஹைதர் இறந்துபோனார். அந்தக் கப்பலைப் பற்றி அவர் காதில் விழுந்திருக்குமா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

ஆக, ஒரே காலம், ஒரே எதிரி, இரண்டு மூலை. இரண்டு மூலையிலும் துப்பாக்கி. ஆனால் கட்டை வேற வேற.

கம்பெனிச் சிப்பாய்கள் தூக்கிய துப்பாக்கி, பிரௌன் பெஸ் என்று செல்லமாகச் சொல்லப்படும் வகை. முக்கால் அங்குல வாய், உள்ளே வழவழ குழாய். கம்பெனிக்காகக் குழாயை 39 அங்குலமாகக் குறைத்துச் செய்ததை 1790களில் ஆங்கிலேய அரசே தன் படைக்கும் எடுத்துக்கொண்டது. அதற்குப் பெயரே இந்தியா பேட்டர்ன். நெப்போலியனோடு மோதிய ஆங்கிலேயச் சிப்பாய்கள் கையில் இருந்தது இந்தியாவுக்கென்று அளவெடுத்த துப்பாக்கி. இதன் கட்டை அக்ரூட் மரம். அக்ரூட் பிறவியிலேயே பழுப்பு. அதுக்குச் சாயம் பூச வேண்டிய அவசியமே இல்லை. எண்ணெய் காட்டினால் போதும், தானே கருத்துக்கொண்டு வரும்.

பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானிய, சுவிஸ் கொல்லர்கள் செய்தது வேறு ரகம். சின்ன வாய், நீளக் குழாய், குழாய்க்குள் திருகு திருகாக வரிப்பள்ளம். கெட்டிக்க நேரம் ஆகும், ஆனால் குறி தப்பாது. கட்டைக்கு அவர்கள் எடுத்தது அங்கே காட்டில் கிடைத்த மேப்பிள். நல்ல உறுதி, நல்ல கனம். ஆனால் அறுத்தால் உள்ளே பார்க்க, அவித்து உரிச்ச பனங்கிழங்கு மாதிரி வெளிறிப்போய் இருக்கும். வேட்டைக்காரன் கையில் அவ்வளவு வெள்ளைக் கட்டை இருந்தால் மான் அரை மைலுக்கு முன்னாடியே டாட்டா காட்டிவிடும். அதனால் நிறம் ஏற்றியே ஆகணும்.

சில மேப்பிள் மரங்களில் ஒரு அதிசயம் நடக்கும். நார் நேராக ஓடாமல் அலை அலையாக வளரும். பாம்பு ஊர்கிற மாதிரி. அதை நேராக அறுத்து இழைத்தால், அலை மேலே வருகிற இடத்தில் நாரின் வெட்டுவாய் தெரியும், அலை படுக்கிற இடத்தில் நாரின் பக்கவாட்டு தெரியும். ஒரே மட்டமான பலகைதான், ஆனால் வெளிச்சம் ஒவ்வொரு வரியிலும் வேற திசையில் திரும்பும். வயலின் முதுகில் பார்த்திருப்பீர்களே, அதே மரம் அதே வரி. சாயம் பூசினால் வெட்டுவாய் இருக்கிற வரி ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி உறிஞ்சும், பக்கத்து வரி கொஞ்சமாய்க் குடிக்கும். புலி வெளியே வந்துவிடும். இங்கிலீஷ்காரர்களே இதைப் புலிவரி மேப்பிள் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே மரத்தில் தானாக முளைத்த புலி வரியை, இங்கே திப்பு சுல்தான் தன் துப்பாக்கிக் குழாய்களில் பொன்னிலும் வெள்ளியிலும் பதிக்கச் சொன்னார்.

அந்தக் காலத்தில் மேப்பிளுக்கு நிறம் ஏற்றிய விதம் கேட்டால் பயமாக இருக்கும். நைட்ரிக் அமிலத்தில் இரும்புத் துண்டுகளைப் போட்டுக் கரைப்பார்கள். தண்ணீர் விட்டு அதைக் கட்டை மேல் பூசுவார்கள். மரம் முதலில் ஒரு நோஞ்சான் பச்சை மஞ்சளாக மாறும். பார்த்தவன், போச்சுடா கட்டை என்று தலையில் கை வைப்பான். அப்புறம் பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தொடாமல் கிட்டே காட்டிக்கொண்டே போனால், சூடு பட்ட இடமெல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே செம்பழுப்பாகப் பூக்கும். பச்சை சிவப்பாகிற அந்தக் கணத்தைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள், பார்த்தேன். மந்திரம் மாதிரி இருக்கு. கடைசியில் மிச்ச அமிலத்தைச் சோடா உப்புக் கரைசலால் முறித்து, ஆளிவிதை எண்ணெய் ஏற்றுவார்கள். (தயவுசெய்து யாரும் வீட்டில் முயற்சி செய்யாதீங்க. அந்தப் புகை நுரையீரலைத் தின்னும்.)

இரும்பும் புளிப்பும் சேர்ந்தால் நிறம் பிறக்கும் என்ற இந்த வித்தை நமக்கு ஒன்றும் புதுசில்லை. கலம்காரித் துணிக்காரர்கள் துருப்பிடித்த இரும்பை வெல்லத்தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போடுவார்கள். கடுக்காயில் நனைத்துக் காயவைத்த துணியில் அதைத் தொட்டு எழுதினால் தொட்ட இடம் கன்னங்கரேலென்று ஆகும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் கைகோத்துக்கொள்கிற வேலை அது. நம்ம சோழமண்டலக் கரைத் துணிக்கு ஐரோப்பாவே ஏங்கியதற்கு இந்தக் கறுப்பும் சாயவேர்ச் சிவப்பும் ஒரு காரணம். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரன் கோட்டை கட்டி உட்கார்ந்தது கடற்காற்று வாங்க இல்லை, துணி வாங்க.

சரி. இப்ப கொசுவத்தி சுத்துற நேரம்.

தாத்தாவிடம் இருந்தது ஒற்றைக்குழல் தோட்டாத் துப்பாக்கி. குழாயில் முங்கேர் என்று பொறித்திருக்கும். முங்கேர் பீகாரில் கங்கைக் கரையில். 1760களின் தொடக்கத்தில் வங்க நவாப் மீர் காசிம் முர்ஷிதாபாத்தை விட்டு அங்கே தலைநகரை மாற்றி, குர்கின் கான் என்ற ஆர்மீனியரை வைத்துத் துப்பாக்கிப் பட்டறை போட்டார். 1764இல் பக்சாரில் நவாப் தோற்றுப்போனார், ஆனால் பட்டறைக்காரர்கள் தொழிலை விடவில்லை. ஆங்கிலேயனை எதிர்க்க ஆரம்பித்த பட்டறையின் கொள்ளுப்பேரன் ஒன்று, ஆங்கிலேயன் போட்ட லைசென்ஸ் முறையில், அச்சரப்பாக்கத்தில் வேர்க்கடலைக் கொல்லைக்குக் காவல் இருந்தது :-)

லைசென்ஸ் என்றதும் ஒன்று சொல்லணும். இந்த நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது ஒரு காலத்தில் கடப்பாரை வைத்திருப்பது மாதிரி. கட்டபொம்மன், ஊமைத்துரை, மருது சகோதரர்கள் சண்டை முடிந்ததும் 1801 டிசம்பர் 1ஆம் தேதி மதராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் போட்டு தென்பாளையங்களின் ஆயுதங்களைப் பிடுங்கினார். 1878இல் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியனுக்கு லைசென்ஸ் வேணும், வெள்ளைக்காரனுக்கு விலக்கு. சுதந்திரத்துக்கு அப்புறம் 1959இல் புதுச் சட்டம். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் தாத்தா துப்பாக்கிக்குப் பாதி வேலை போச்சு. காட்டுப்பன்றி வந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அவ்வளவுதான்.

அந்தச் சட்டம் நிஜமாக அடித்தது தாத்தா மாதிரி ஆட்களை இல்லை. சந்தைக்கு நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு காடை, கௌதாரி விற்க வரும் நரிக்குறவர்களை. மருந்தும் குண்டும் வாய் வழியாகக் கெட்டிக்கிற அந்தத் துப்பாக்கிதான் அவர்களுக்கு ஏர், கலப்பை எல்லாம். ஒரே சட்டத்தில் தொழில் குற்றமாகிவிட்டது. மாற்றுத் தொழில் என்று கையில் பாசிமணியைக் கொடுத்துவிட்டோம். பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில். ஐம்பது வருஷம்! காட்டையும் பறவையையும் காப்பாத்தணும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் எழுதி வைக்கணும் இல்லையா?

பறவை என்றதும் வேடந்தாங்கல். பேரைப் பாருங்க, வேடர்கள் தங்கிய ஊர். எங்களுக்கு வடக்கே பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். ஏரியில் கூடு கட்டும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டுத் தள்ள, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். 1798இல் அவர் ஊருக்கே அந்த உரிமையைக் கொடுத்து கவுல் எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி நெல்லுக்கு உரம் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. தாத்தா துப்பாக்கியோடு வடக்குப் பக்கம் போனதே இல்லை. அந்தப் பக்கம் துப்பாக்கி எடுத்தா கை வெளங்காது என்பார். சட்டத்துக்குப் பயந்து சொன்ன மாதிரி எனக்குத் தோணவில்லை.

அந்தத் துப்பாக்கிக் கட்டையைத் தாத்தா வாராவாரம் துடைப்பார். ஒரு பழைய வேட்டித் துண்டு, ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில். பாட்டிலில் சிவப்பாக எண்ணெய், அடியில் பட்டை பட்டையாக ஏதோ. நாலே சொட்டு உள்ளங்கையில் விட்டு, சூடு பறக்கத் தேய்த்து, அப்படியே கட்டையைத் தடவுவார். மாட்டைத் தடவுகிற மாதிரி. முப்பது வருஷத் தடவல். கன்னம் பதிகிற இடம் மட்டும் இன்னும் கொஞ்சம் கருத்திருக்கும். அந்த எண்ணெய் பாட்டியுடைய தலைக்குத் தேய்க்கிற வேம்பாளம் பட்டை எண்ணெய் என்றே நான் நினைத்திருந்தேன். தலைமுடி மாதிரி கட்டைக்கும் தேய்க்கிறார், கிழவருக்குக் கொஞ்சம் கழண்டுபோச்சு என்று பெரியப்பா பசங்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

1986இல் எனக்குப் பதினாலு வயசு. தாத்தா கண் ஆபரேஷனுக்காகச் செங்கல்பட்டு போயிருந்தார். அந்த வருஷம்தான் துப்பாக்கி ஸ்டேஷனில் ஒப்படைக்கப்பட்டுத் திரும்பி வந்தபோது கட்டையில் நாலைந்து கீறல். தாத்தா கீறலைப் பார்த்துப் பார்த்து ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் கண் கட்டு அவிழ்த்து வரும்போது துப்பாக்கி புதுசாக இருக்கணும். இதுதான் என் திட்டம். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன், அது உதவாது என்று தெரிந்தும்.

கட்டையை மட்டும் கழற்றினேன். கடையில் உப்புத்தாள் வாங்கினேன், முதல்ல முரடு, அப்புறம் நைசு. இரண்டு மத்தியானம் தேய்த்தேன். கீறல் போச்சு. கூடவே அந்த நிறமும் போச்சு. தூளாக, சாக்லெட் மாதிரி, மடியில் கொட்டியது. கீழே இருந்து வந்த மரம் சாம்பல் பூத்த மாதிரி செத்துக் கிடந்தது. பயந்துபோய் கதவுக்கு அடிக்கிற வார்னிஷை எடுத்து, ரோஸ்வுட் கலர் என்று டப்பாவில் போட்டிருந்ததை, இரண்டு கோட் அடித்தேன். பளபள என்று வந்தது. பிளாஸ்டிக் நாற்காலி மாதிரி.

தாத்தா வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கையால் தடவினார். மூக்கின் கிட்டே கொண்டுபோய் மோந்தார். "நல்லாத்தான் பண்ணியிருக்கான் புள்ள" என்றார். துப்பாக்கியை முளையில் மாட்டினார். அதுக்கப்புறம் அவர் அதைத் துடைத்து நான் பார்க்கவில்லை. சிவப்பு பாட்டில் மாடப் பிறையில் காய்ந்து பிசினாகிப் போனது. 1989இல் தாத்தா போனார். அப்பாவுக்கு லைசென்ஸ் மாற்றுவதில் இஷ்டமில்லை. துப்பாக்கி மதராஸில் ஒரு கடைக்குப் போனது. எங்கே இருக்கிறதோ, ரோஸ்வுட் கலரில்.

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்த ஒரு வரி இன்னும் மறக்கலை.

காலேஜில் கிரிக்கெட் பேட் வாங்கியபோது கடைக்காரர், லின்சீட் ஆயில் போடுங்க தம்பி என்று ஒரு பாட்டில் கொடுத்தார். மூடியைத் திறந்ததும் தாத்தா ரேழியில் நின்ற மாதிரி இருந்தது. அப்பத்தான் புரிந்தது, அது தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் இல்லை. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் மரத்தில் காயாது, பிசுபிசு என்றே நிற்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றைக் குடித்துக் கெட்டியாகும். மரத்துக்குள்ளேயே தோல் கட்டிக்கொள்ளும். முதல் உலகப் போரிலிருந்து சிப்பாய்கள் தூக்கிய லீ என்ஃபீல்டு ரைபிளின் கட்டைக்கும் இதே எண்ணெய்தான். (வங்காளத்து இஷாபூர் தொழிற்சாலையில் செய்த அந்த ரைபிள்களில் முன்கட்டை பிளக்காமல் இருக்கக் குறுக்கே ஒரு திருகாணி முடுக்கியிருப்பார்கள். கட்டையைப் பற்றிய தாத்தா தத்துவம் அங்கேயும் தெரிந்திருக்கு. உத்தரப் பிரதேச போலீஸ் அந்த ரைபிளுக்கு 2020 குடியரசு தினத்தன்று அணிவகுப்பில் விடை கொடுத்தது.)

ஆனால் சிவப்பு? அது பல வருஷம் பிடிபடவில்லை. லான்காஸ்டரிலிருந்து வந்த ராத்திரி தேட ஆரம்பித்தேன். இங்கிலாந்தின் பெரிய துப்பாக்கி ஆசாரிகள் அல்கனெட் என்ற செடியின் வேரை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து, சிவப்பேறிய அந்த எண்ணெயை அக்ரூட் கட்டையில் நாள்கணக்கில் உள்ளங்கையால் தேய்த்து ஏற்றுவார்களாம். சிவப்பு எண்ணெய் என்றே பேர். படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அல்கனெட் நம்மூரில் ஏது? எண்ணெயில் போட்டால் சிவப்பாகிற பட்டை நாட்டு மருந்துக்கடையில் ஒன்றே ஒன்று. வேம்பாளம் பட்டை! செடி வேற, குணம் ஒண்ணு. பாட்டில் அடியில் கிடந்த பட்டை அதுதான். பாட்டியின் தலை எண்ணெய்ப் பட்டையைத் தூக்கி ஆளிவிதை எண்ணெயில் போட்டிருக்கிறார் மனுஷர். யாராவது ஷிகாரி சொல்லிக் கொடுத்தாரா, தானே கண்டுபிடித்தாரா, கேட்க ஆள் இல்லை.

அங்கே ஒரு மரக்கடையில் கழிவில் கிடந்த புலிவரி மேப்பிள் துண்டு ஒன்றை அப்போதே வாங்கி, சூட்கேஸில் துணிக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன். நாலடி நீளம் இருந்ததை இரண்டாக அறுத்தால்தான் பெட்டியில் அடங்கியது. அதில் கைவைக்கத் தைரியம் வந்தது இந்த வருஷம்தான். ஊரில் எங்க தெரு ஆசாரி கடையில் உட்கார்ந்தேன்.

துப்பாக்கி செய்கிற உத்தேசமெல்லாம் இல்லை, கவலைப்படாதீங்க. தாத்தா போட்டோவுக்குச் சட்டம்.

மேப்பிளில் துவர்ப்பு கம்மி. அதனால் முதலில் கடுக்காய்த் தண்ணீர். காய்ந்ததும், காடியில் பத்து நாள் ஊறிய ஆணித் தண்ணீர். பூசினதும் டயர் மாதிரி ஆகிவிட்டது. ஆசாரி என்னைப் பார்த்த பார்வை இருக்கே! "இன்னா சார், வெளிநாட்டு மரம்னீங்க, அடுப்புல போட்ட கொள்ளி மாதிரி ஆக்கிட்டீங்க?"

"உப்புத்தாள் குடுங்கண்ணே" என்றேன். கை நடுங்கியது, பொய்யில்லை. முப்பத்தெட்டு வருஷம் கழித்து மறுபடி அதே தாள், அதே சரசர சத்தம். நைசுத் தாளால் மெல்லத் தேய்க்கத் தேய்க்க மேலே படிந்த கறுப்பு போய், ஆழமாக உறிஞ்சிய வரிகள் மட்டும் நின்றன. வெளிறிய மரத்தில் கரும்புலி. ஆசாரி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து குனிந்து பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பினார், இந்தப் பக்கம் திருப்பினார். "அட, நெளியுது பா" என்றார். அவர் சார் என்பதை விட்டது அப்போதுதான்.

அப்புறம் பாட்டிலை எடுத்தேன். இரண்டு வாரம் வெயிலில் வைத்த ஆளிவிதை எண்ணெய், உள்ளே வேம்பாளம் பட்டை. "இது பொம்பளைங்க தலைக்குத் தேய்க்கிறதாச்சே" என்றார். ஆமாண்ணே என்றேன். நாலு சொட்டு உள்ளங்கையில் விட்டு, சூடு வரும் வரை தேய்த்துத் தடவினேன்.

முதல் கோட்டில் நிறம் வரவில்லை. லேசான ரோஸ், அவ்வளவுதான். எண்ணெயில் பட்டை இன்னும் கூட வேணும் என்றார் ஆசாரி. கூட்டினேன். மூன்றாவது கோட்டில் தேன் வந்தது. ஐந்தாவதில் கொஞ்சம் ரத்தம். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வாரம் காயணும், அச்சரப்பாக்கம் மழைக்காலத்தில் பத்து நாள்கூட ஆகிறது. எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதே, தானே சூடாகித் தீப்பிடிக்கும் என்று படித்ததை ஆசாரியிடம் சொன்னேன். அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. கொடியில் விரித்துப் போட்டிருந்தார்.

ரேழியில் இருந்த நிறம் இன்னும் இல்லை. அது இதைவிடக் கொஞ்சம் கருப்பு. கன்னம் பதிந்த இடம் இன்னும் கருப்பு. ஏழாவது கோட் போன ஞாயிற்றுக்கிழமை போட்டேன். இன்னும் விரல் ஒட்டுகிறது. காய்ந்தால் எட்டாவது.